அம்மாவின் வீடும் பதினாறாம் உறுப்புரையும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். குடியியல் படிப்பிக்கிற டீச்சருக்கு இது அழகில்லை என்று என் வகுப்புப் பிள்ளைகளே சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அன்றைக்குப் பிரதேச செயலகத்தில், காணி உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் வந்த கோபத்துக்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை.

அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மாவும் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளே போகிற பாதையில் இருக்கிறது அம்மாவின் வீடு. அரசாங்கம் அம்மாவின் பெயரில் அனுமதிப்பத்திரம் கொடுத்த காணி அது. அம்மா சமைத்த குசினியின் யன்னலைத் திறந்தால் வயல்வட்டை முழுக்க நெல்தான் தெரியும். அக்கா குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறாள், அம்மாவைக் கடைசிவரை பார்த்ததும் அவள்தான். எனக்குக் கலியாணத்தின்போது வாவிக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு கட்டித் தந்தார்கள். தம்பி கலியாணம் முடித்துச் சித்தாண்டிக்கு, மனைவியின் வீட்டுக்குப் போனான்.

எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். ஆண்பிள்ளைக்கு வயல் கிடைக்கலாம், மாடு கிடைக்கலாம். வீடு கேட்டால் ஊர் சிரிக்கும்.

அம்மா பிழை விட்டதும் இதனால்தான். அரச காணி வைத்திருப்பவர் தனக்குப் பிறகு அது யாருக்கு என்று, பின்னுரித்தாளரின் பெயரைப் பதிந்து வைக்க வேண்டும். கிராம சேவகர் எத்தனையோ தடவை வந்து சொன்னார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொல்லுவார்: "வீடு ஆருக்கெண்டு ஊருக்கே தெரியும் மனே. அதையும் போய் எழுதி வைக்கணுமா?"

எழுதி வைத்திருக்க வேண்டும். காணி உத்தியோகத்தர் எங்கள் பகுதிப் பெண்தான், மரியாதையானவர். அவர் எங்களை இருக்கச் சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் அதைச் சொன்னார்.

"டீச்சர், கோவிக்காதீங்க. அம்மா ஆரையும் பதியல்ல. அப்ப சட்டத்தில இரிக்கிற ஒழுங்குப்படிதான் போகணும். முதல்ல ஆண்பிள்ளைகள். அதுக்குப் பிறகுதான் பெண்பிள்ளைகள். உங்கட தம்பிதான் உரித்தாளி."

அக்காவைப் பார்த்தேன். மூத்தவள், அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், ஏதோ பக்கத்து வீட்டுக்காரி போல உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மிஸ், நீங்க ஆர்ர வீட்டில இரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "எங்கட அம்மா தந்த வீட்டிலதான் டீச்சர். அதுக்கு நான் என்ன செய்ய? சட்டத்த நான் எழுதல்ல."

விடுவேனா? அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரையை அங்கேயே எடுத்துச் சொன்னேன். சட்டத்தின் முன் எல்லாரும் சமம், ஆண் பெண் என்று அரசு பாகுபாடு காட்டக்கூடாது. வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற விஷயம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுத்தில தாங்க டீச்சர், நான் மேல அனுப்பிறன்" என்றார்.

எழுதத்தான் வீட்டில் அரசியலமைப்புப் புத்தகத்தைத் திறந்தேன். பன்னிரண்டை ஒருமுறை ஆசையாக வாசித்தேன். அப்படியே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போனால் பதினாறு வந்து நின்றது. முன்பே இருந்த எழுத்துச் சட்டங்கள், அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும், தொடர்ந்து செல்லுமாம். காணிச் சட்டமோ வெள்ளைக்காரன் காலத்தது. பன்னிரண்டில் தந்ததைப் பதினாறில் திருப்பி வாங்கிவிட்டார்கள்! பாடப்புத்தகத்தில் பதினாறு இல்லை. புத்தகத்தைத் தூக்கி எறியப் பார்த்தேன். பிறகு, அரசாங்கத்தின் கையைக் கட்டுகிற ஒரே கயிறு நம்மிடம் இதுதானே என்று நினைத்து மேசையிலேயே வைத்தேன். ஒரு முடிச்சு அவிழ்ந்திருக்கிறது என்பதற்காகக் கயிற்றையா எறிவது?

அந்த ஒழுங்கில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. உரித்தாளி தனக்கு விருப்பமில்லை என்று சொன்னால், உரிமை அடுத்தவருக்குப் போகும். மகன் ஒருவன்தான் என்பதால் அடுத்தது மூத்த மகள், அதாவது அக்கா.

தம்பிக்குச் சொன்னதும் மோட்டார் சைக்கிளில் ஓடி வந்தான். "அந்த வீட்டுக்கு உரித்தாளி நானா? என்ட பொஞ்சாதி கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா. எங்க கையெழுத்து வைக்கணும், சொல்லுங்க" என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா மட்டும் அசையவில்லை.

"அவன் வேணாமெண்டு தள்ளினதுதான் எனக்கு வாறதெண்டா, எனக்கும் வேணாம். நான் அம்மாட மூத்த பிள்ள. தம்பிட தயவில என்ட வீட்டில இரிக்க எனக்கு ஏலாது."

"அப்ப நான் என்னக்கா செய்ய? ஓமெண்டா வீடு என்ட. இல்லையெண்டா நான் தந்த வீடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்தம் எனக்குத்தானா?"

தம்பியின் முகம் சுருங்கிப் போயிற்று. அக்கா போட்டு வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டான். எங்கள் மூவருக்குள் வீட்டைப் பற்றிப் பேச்சே வந்ததில்லை. முதல்முறையாக வந்தது, அதுவும் யாருக்கும் ஆசை இல்லாத ஒரு சண்டையாக வந்தது. பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டால் அந்தக் காணியில் அக்கா சட்டப்படி யாரோ ஒருத்திதான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் பிடிவாதமாக இருந்தாள். அவளைத் திட்டினேன், உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். உரிமைக்கும் தயவுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்கிறேன், அக்கா அதற்காக வீட்டையே பணயம் வைத்திருந்தாள்.

உரித்தாளியின் விருப்பத்தைக் கேட்டுப் பதியச் செயலகத்தில் வைத்த காணி விசாரணைக்கு அக்கா வரமாட்டாள் என்றே நினைத்தேன். சேலை உடுத்து வந்துவிட்டாள். தம்பி தள்ளிப் போய் வேறு வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

உத்தியோகத்தர் தம்பியிடம் கேட்டார், "பின்னுரித்தாளரா வர உங்களுக்கு விருப்பமா?"

"இல்ல."

"அப்ப அக்காவுக்கு விட்டுக்குடுக்கிறீங்க."

"இல்ல மிஸ்," என்றான் தம்பி. "நான் விட்டுக்குடுக்கல்ல. கையில இரிக்கிறதத்தானே விட்டுக்குடுக்கலாம்? இந்த வீடு எண்டைக்கும் என்ட கையில இரிக்கல்ல. அம்மாட வீடு, இப்ப அக்காட வீடு. சட்டம் ஆள் மாறி என்னைக் கூப்பிட்டிரிக்கு. அதைச் சொல்லத்தான் வந்தன். அப்பிடியே எழுதுங்க."

உத்தியோகத்தர் குனிந்து எழுதினார், ஒரு சொல் விடாமல். எழுதி முடித்து எங்கள் மூவருக்கும் தமிழிலேயே வாசித்துக் காட்டினார். எங்கள் மொழியில் எங்கள் வாக்குமூலத்தை எழுத வைத்ததும் அதே அரசியலமைப்புத்தான், அதையும் நான் மறக்கவில்லை.

"உங்களுக்குச் சம்மதமா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"இப்ப சம்மதம்," என்றாள் அக்கா. கையெழுத்து நேராக விழுந்தது.

எனக்கு அவ்வளவு பெருமை! என் தம்பி எந்தச் சட்டமும் படித்தவனில்லை. சட்டம் வலியக் கொண்டுவந்து நீட்டிய முதலிடத்தை அது தன்னுடையதில்லை என்று சொல்ல அவனுக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவனை வளர்த்தது அம்மாவின் வீடு.

அனுமதிப்பத்திரம் அக்காவின் பெயருக்கு வந்தது. அடுத்த கிழமையே போய்த் தன் பின்னுரித்தாளரையும் பதிந்துவிட்டாள், அம்மாவின் பிழையை அவள் விடவில்லை. பதினாறாம் உறுப்புரை இன்னும் புத்தகத்தில்தான் இருக்கிறது. இப்போது நான் வகுப்பில் பன்னிரண்டோடு நிறுத்துவதில்லை, அதையும் வாசிக்கச் சொல்லுகிறேன்.

சில காலம் கழித்துப் பாராளுமன்றம் அந்தக் காணிச் சட்டத்தைத் திருத்தியது. மகன்மார் முதல், மகள்மார் பிறகு என்றிருந்த ஒழுங்கு போய், பிள்ளைகள் என்ற ஒரே வரிசை வந்தது. செய்தியைப் பார்த்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து அக்கா வீட்டுக்கு ஓடினேன். தம்பியும் ஏதோ அலுவலாக வந்திருந்தான். மூச்சு வாங்க முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அக்கா அரிசியில் கல் பொறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல," என்றாள் கடைசியில். "கொழும்பில இரிந்து எங்கட ஊருக்கு வந்து சேர சட்டத்துக்கு இவ்வளவு காலம் பிடிச்சிரிக்கு. பாவம், களைச்சிப் போய் வந்திரிக்கும். தேத்தண்ணி ஊத்துவம்."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "எனக்கும் ஒண்டு போடுங்கக்கா, அண்டைக்குக் குடிக்காமப் போனது."

அக்கா சுளகை வைத்துவிட்டு எழும்பித் தன் குசினிக்குப் போனாள்.