புருசெத்துல பெல் அடிச்ச காலம்

ஊழியக்காரனுக்கு முதல்ல தேயறது முழங்கால்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. நம்பாதீங்க, முதல்ல தேயறது காலிங் பெல் அமுக்கற விரல்.

நீங்களும் சுவிசேஷக் கைப்பிரதிய பையில போட்டுக்கிட்டு வீடு வீடா அலைஞ்ச ஆளா இருந்தா இதுக்கு மேல விளக்க வேண்டாம். எனக்கு அப்ப இருபத்தேழு வயசு. பாளையங்கோட்டையில இருந்து எங்க மிஷன் என்னை ஒஸ்லோவுக்குத் தமிழ் ஊழியத்துக்குன்னு ரெண்டு வருஷம் அனுப்பி வச்சது. ரெண்டாவது கிறிஸ்மஸுக்கு செகரட்டரி ஐயா நேர்ல வந்து பாப்பார். சபை வளர்ந்திருந்தா ஊழியம் தொடரும். இல்லேன்னா மூடிட்டு அவர்கூடவே நானும் பிளேன் ஏறணும். நான் போனப்ப சபையில பதினோரு பேர், ஒரு நார்வே சர்ச்சோட பேஸ்மெண்டுல கூடுவோம். ஊர்ல அம்மா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல என் பேரைச் சொல்லி அழறாங்க. தோத்துப் போனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுப் படியேறுறது?

பெட்டிகிட்ட பேசின கதை

புருசெத் ஒஸ்லோவோட ஓரத்துல தமிழ்ச்சனம் நிறைய இருக்கற பேட்டை, எல்லாம் அடுக்குமாடி பிளாக்தான். வாசல்ல பெல் வரிசை, பக்கத்துல பேரு. இடம் பத்தாம பேரு பாதியில நின்னா அது நம்மாளு. பெல்ல அமுக்கினா ஒரு சின்னப் பெட்டிக்குள்ளேர்ந்து குரல் வரும், அதுகிட்டதான் பேசணும். நான் அசல் திருநெல்வேலியில, ஏக்கா கொஞ்சம் கதவத் தொறக்கீகளா, ஒரு நல்ல செய்தி சொல்லணும்பேன். பெட்டி செத்துப்போகும். மைனஸ் பன்னெண்டு குளிர்ல ஒரே நாள்ல இருபது பெட்டி செத்துச்சு.

எனக்குச் சின்ன வயசுலேர்ந்து ஒரு வியாதி. யார் பேசினாலும் மூணு நாள்ல அவங்க குரல் எனக்கு ஒட்டிக்கும். பைபிள் காலேஜ்ல பிரின்சிபால் குரல்ல லீவு அறிவிச்சு மாட்டிக்கிட்டவன் நான். அதனால தமிழ்க்கடையில மீன் வாங்கற யாழ்ப்பாணச் சனத்தோட வரிசையில ஒரு வாரம் நின்னு காதைக் குடுத்தேன். அடுத்த திங்கக்கிழமை பெல்ல அமுக்கி, அக்கா, நான்தான், கதவைத் திறவுங்கோ, குளிருதுன்னேன். ஒரு கேள்வி இல்ல, கதவு ர்ர்ர்னு தொறந்துக்கிச்சு. மூணாவது மாடியில யோகா அக்கா அகப்பையோட நின்னாங்க. தலையிலேர்ந்து பாத்துக்கிட்டே வந்த கண்ணு என் ஷூவுல வந்து நின்னுச்சு. ஊர்ல ஈஸ்டருக்கு வாங்கின மெல்லிசுத் தோல் ஷூ, உள்ள பாதி பனி.

"குரல் யாழ்ப்பாணம், சப்பாத்து இந்தியா. கள்ளன் எண்டாலும் கால் விறைச்ச கள்ளன், உள்ளை வாரும்."

சாமி அலுமாரி

அக்கா வீட்டுக்காரர் சிவம் அண்ணன் பஸ் ஓட்டறவர். எதிர்த்துப் பேசறவங்களைச் சமாளிக்க எங்களுக்கு ட்ரெயினிங் உண்டு. எதையுமே மறுக்காத ஆளை என்ன செய்யறதுன்னு எந்தப் பாடத்துலயும் இல்ல. சோத்தப் போட்டு, மீன் குழம்பை ஊத்தி, நான் பேசின நாப்பது நிமிஷமும் தலையாட்டினார். கைப்பிரதிய ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டார். ரூமுக்கு வந்த கையோட பாளையங்கோட்டைக்கு எழுதிப் போட்டேன்: ஒரு குடும்பம் தொடப்பட்டது, ஸ்தோத்திரம்.

அடுத்த வாரம் போறேன், அக்கா பெருமையா சாமி அலுமாரியத் தொறந்து காட்டறாங்க. கைப்பிரதி அட்டையில இருந்த இயேசு படத்தை அழகா வெட்டி, பிரேம் போட்டு, சந்தனப் பொட்டு வச்சு, முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவுல. பிரேம் கொஞ்சம் பெருசு, பாதி மயிலைக் காணோம். என் முகத்தைப் பாத்த அக்காவுக்குக் கவலை வேற பக்கம் போயிருச்சு.

"என்ன தம்பி, இடம் காணாதோ? பிள்ளையாரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் அரக்கி விடட்டோ?"

கர்த்தர் கூட்டின கூட்டம்

ஏப்ரல்ல பனி உருகின ஒரு சனிக்கிழமை, நான் ஒரு பெல்லும் அமுக்காமலே அந்த பிளாக் முற்றத்துல அறுபது பேர் நிக்கறாங்க. கர்த்தரே கூட்டிட்டார்னு கைப்பிரதிக் கட்டை எடுத்தேன். முன்னாடி நின்னது பியோர்க் அம்மா, எழுபது வயசு, ஆறடி உயரம், பிளாக் கமிட்டித் தலைவி. ஒண்ணை நீட்டினேன். பாக்காமலே வாங்கி ஜாக்கெட் பையில திணிச்சுக்கிட்டு, என் கையில ஒரு வாருகோலைக் குடுத்தாங்க. எனக்கு அப்ப தெரிஞ்ச நார்வே மொழியில மூணே வார்த்தை: வணக்கம், நன்றி, சர்ச். மூணையும் சொல்லிப் பாத்தேன். அந்தம்மா தரையைக் காட்டினாங்க. குளிர்காலம் பூரா வழுக்காம இருக்கக் கொட்டின சரளைக்கல் அத்தனையும் வாரணுமாம்.

இதுக்குப் பேரு டுக்னாட்னு சிவம் அண்ணன்தான் பக்கத்துல வாரிக்கிட்டே சொன்னார். வசந்தத்துல ஒண்ணு, இலையுதிர் காலத்துல ஒண்ணு, பிளாக் சனமெல்லாம் சேந்து வேலை செய்யும். கூலி கிடையாது. வரலேன்னா யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க, ஆனா மறக்கவும் மாட்டாங்களாம். நாலு மணி நேரம் வாரினேன். கை கொப்பளிச்சதுதான் மிச்சம், கட்டு அப்படியே பையில. கடைசியில சாசேஜ் சுட்டுக் குடுத்துட்டு, பியோர்க் அம்மா வந்தவங்க பட்டியல்ல என் பேரை எழுதினாங்க. நான் இந்த பிளாக்ல குடியிருக்கல, தெரியாம வந்துட்டேன்னு அண்ணனை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவங்க பதில் சொல்ல, அண்ணன் மொழிபெயர்த்தார்.

"ஆள் இஞ்சை இருக்கத் தேவையில்லையாம். அடுத்த முறை கையுறை கொண்டு வரட்டாம்."

பிறந்தநாள் கச்சேரி

கையுறை வாங்கிட்டேன். அடுத்த மூணு டுக்னாட்டுக்கும் போனேன். சபைதான் நகரல. இல்ல, நகர்ந்தது: ஒருத்தர் பெர்கனுக்கு வீடு மாத்திட்டார், பத்துப் பேர். ரெண்டாவது நவம்பர்ல அண்ணன் மக ஜனனிக்குப் பிறந்தநாள், அவங்க படிக்கட்டுத் தமிழ்ச்சனமெல்லாம் வந்திருந்தாங்க. அங்கயே பிறந்து வளர்ந்து யுனிவர்சிட்டியில படிக்கிற பொண்ணு. அவ கேட்டான்னு ஒவ்வொருத்தரா செஞ்சு காட்டினேன். அவங்கப்பா பஸ்ல ஸ்டாப் பேரு சொல்றது, பியோர்க் அம்மா வாருகோல் எண்ணறது, கடைசியா செகரட்டரி ஐயா ஜெபம் பண்றது. ஐயா கர்த்தருக்கே அஜெண்டா போடறவர். தொண்டையைக் கனைச்சு, "ஆண்டவரே, முதலாவதாக"ன்னு ஆரம்பிச்சு ஏழாவதாக வரைக்கும் போவார். யோகா அக்கா நாலாவதாகலயே சோபாவுல சாஞ்சுட்டாங்க. ஜனனி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, பைபிளை வச்சிட்டு இதையே செய்யுங்கோ அண்ணா, இதுக்கு ஆக்கள் வருவினம்னா.

எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு மட்டும் உள்ள சுருக்குனு குத்துச்சு. அதனால உண்மையச் சொல்லிட்டேன். இந்த ஐயா அடுத்த மாசம் வர்றார், கரோல் ஆராதனையில பத்துப் பேரைப் பாப்பார், மூடச் சொல்வார், நான் ஊருக்குப் போயிருவேன். வாங்கன்னு கூப்பிடல. முருகன் கோயிலுக்குப் போறவங்களைக் கொண்டுவந்து நாற்காலியை ரொப்பினா அது ஊழியம் இல்ல, ஏமாத்து. அக்கா எனக்கு இன்னொரு டீ ஊத்தினாங்க. சிவம் அண்ணன் கேட்டது அந்த நாற்காலியப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான்.

"அப்ப அண்டைக்குக் கதிரை எல்லாம் ஆர் போடுறது, நீர் தனியவோ?"

முதலாவதாக

ஐயா குரங்குக் குல்லாவோட வந்து இறங்கினார். வெறிச்சுனு தெரியக் கூடாதுன்னு நான் பன்னெண்டே பன்னெண்டு நாற்காலி போட்டிருந்தேன். நாலு மணிக்கு ஆராதனை. பத்து நிமிஷம் முன்னாடி பேஸ்மெண்ட் படியில தட்தட்னு பனி உதறுற சத்தம். சிவம் அண்ணன், அக்கா, ஜனனி, பின்னாடியே அவங்க படிக்கட்டுல இருக்கற வீடுங்க பூரா, ரெண்டாவது மாடி பாகிஸ்தான்காரர் குடும்பம், எல்லாருக்கும் பின்னாடி பியோர்க் அம்மா, கையில கையுறை. யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கல. ஸ்டோர் ரூமைக் கண்டுபிடிச்சு நாற்காலிய எடுத்துப் போட்டாங்க. மீன் வச்சுப் பொரிச்ச ரோல்ஸ் ஒரு மேசை, காபி ஒரு மேசை. அப்புறம் வரிசையா உக்காந்தாங்க.

ஐயா ஜெபிக்க எழுந்தார். தொண்டையைக் கனைச்சு, "ஆண்டவரே, முதலாவதாக"ன்னார். புருசெத் தமிழ் வரிசை மொத்தமும் தலையக் குனிஞ்சுக்கிச்சு. மூணாவதாக வர்றப்ப தோளெல்லாம் குலுங்குது. அஞ்சாவதாகல யோகா அக்கா சேலைத் தலைப்பை வாயில வச்சுக் கண்ணீர் விடறாங்க. ஐயா ஓரக்கண்ணால பாத்துட்டார், அவருக்கே குரல் உடைஞ்சுபோச்சு. ஆராதனை முடிஞ்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். இத்தனை பேர் இப்படி உடைஞ்சு ஜெபிக்கறாங்களே, ஏன் பிரதர் நீர் ஒரு வரி எழுதலன்னார். தலையாட்டினா போதும். ஊழியம் நிக்கும், அம்மா சிரிப்பாங்க. எனக்குக் கழுத்து பாதி ஆடிருச்சு. அப்புறம்தான் சொன்னேன்: ஐயா, இதுல ஒருத்தரும் நம்ம சபை இல்ல, அழவும் இல்ல. உங்க ஜெபத்தை நான் ஏற்கெனவே செஞ்சு காட்டிட்டேன், அதுக்குச் சிரிப்பை அடக்கினாங்க. ஐயா முகம் சுண்டிப்போச்சு. அப்ப எதுக்கு வந்தீங்கன்னு சிவம் அண்ணனைத்தான் கேட்டார். அண்ணன் நிதானமாச் சொன்னார்: "தம்பி எங்கடை டுக்னாட்டுக்கு நாலு தரம் வந்தவர், ஒருக்காலும் பிந்தேல்லை. இண்டைக்குத் தம்பியின்ரை டுக்னாட். அதான் வந்தனாங்கள்."

பியோர்க் அம்மாவுக்கு யாரும் சும்மா நின்னா பிடிக்காது. ஐயா கையில ஒரு ஜோடி கையுறையைத் திணிச்சு நாற்காலிப் பக்கம் கையக் காட்டினாங்க. செகரட்டரி ஐயா குல்லாவைக் கழட்டி வச்சுட்டு பதினாலு நாற்காலி அடுக்கினார், நான் எண்ணினேன். கடைசி நாற்காலிய வச்சுட்டு, ஒரு கையில ரோல்ஸோட எங்கிட்ட வந்தார்.

"மூடப் போறோம்னு இந்தம்மாகிட்ட யார் பிரதர் சொல்றது? என்னால ஆகாது, நீர் இன்னும் ரெண்டு வருஷம் இருந்து பாரும்."

பதினஞ்சு வருஷம் ஆச்சு, நானும் இப்ப அதே பிளாக்ல குடியிருக்கேன், ஊழியத்துல என்ன சாதிச்சேன்னு யாராவது கேட்டா யோகா அக்கா வீட்டு அலுமாரியில பிள்ளையார் ரெண்டு அங்குலம் தள்ளி உக்காந்திருக்கார்ங்கறதைத் தவிர வேற எதையும் என்னால அடிச்சுச் சொல்ல முடியாது.