லாசுப்பேட்டையில் இறங்குவதற்கு முன்

நம்பினால் நம்புங்கள். போன மழைக்காலத்தில் எனக்கு நடந்தது இது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பயத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது.

நான் சலீமா. பெங்களூரில் வேலை. அன்று காலை தம்பி முஆஸ் போன் செய்து, வாப்பா மவுத்தாகிவிட்டார் என்றான். எங்கள் வழக்கத்தில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, அதிக நேரம் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம். புதுச்சேரிக்கு ரோட்டில் முந்நூறு கிலோமீட்டர் சொச்சம், ஆறு மணி நேரம் ஆகிவிடும். விமானத்தில் ஒரு மணி நேரம்தான். மதியம் இரண்டு மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டேன். வாப்பா முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

ஏறி உட்கார்ந்தால்... கிளம்பவே இல்லை. புதுச்சேரியில் மழையாம். இதோ பத்து நிமிடம், இதோ பத்து நிமிடம் என்று உயிரை எடுத்தார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே இருந்தோம். எனக்கு ரத்தம் கொதித்தது. காலையிலேயே காரில் கிளம்பியிருந்தால் வீட்டை நெருங்கியிருப்பேன். முஆசுக்குப் போன் போட்டேன்.

"நீ வந்து மொகம் பாக்காம தூக்க மாட்டோம் லாத்தா. பதறாத."

3.20க்குக் கிளம்பியது.

பணிப்பெண் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுத்தாள். எனக்குத் தரவில்லை. கூப்பிட்டேன். திரும்பவில்லை. கோபத்தில் தலைக்கு மேலிருந்த பட்டனை அழுத்தினேன்.

டிங்...

வந்தாள். விளக்கை அணைத்தாள்.

"நீங்க அழுத்தினீங்களா சார்? பக்கத்துல யாருமில்லையே..."

"நான் இல்லையே."

அவர் தன் பையை எடுத்தார். என் மடியில் வைத்தார்.

கனமே தெரியவில்லை.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மையத்துக்குப் போடும் கற்பூர வாசம் மட்டும்...

மணி 3.45.

தட்!

லாசுப்பேட்டை விமான நிலையத்தில் சக்கரம் தரையைத் தொட்டபோது மணி 4.20. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து அலறினார். "நீங்க... எப்ப வந்தீங்க?"

ஆட்டோ பிடித்து உழவர்கரை வீட்டுக்கு ஓடினேன். ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முஆஸ் சட்டையைப் பிடித்தேன்.

"வெயிட் பண்றேன்னு சொன்னியேடா! ஏன்டா தூக்கினீங்க?"

அவன் விழித்தான். "நீதான லாத்தா தூக்கச் சொன்ன? மூணே முக்காலுக்கு வந்தியே..."

உம்மாவும் பார்த்திருக்கிறார். நான் வாப்பா தலைமாட்டில் உட்கார்ந்தேனாம். அழவில்லையாம். அருகில் இருந்த தம்பி மனைவி நஸ்லின், நான் குனிந்து வாப்பா காதில் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். சொல்லத் தயங்கினாள். உலுக்கிக் கேட்டேன்.

"'வாங்க வாப்பா, போலாம்'னு சொன்னீங்க..."

மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்த கரீம் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வாப்பாவை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

"யார்கிட்டயும் சொல்லலம்மா. எத்தன மையத்து தூக்கிருக்கேன். உங்க வாப்பாவத் தூக்கறப்ப... தோள்ல கனமே இல்ல."