நார்மல் என்று சொன்னேன்

என் மனைவி வசந்தாவின் இரத்தப் பரிசோதனை முடிவை நான் மறைத்தேன். மறைத்ததோடு நிற்கவில்லை, எல்லாம் நார்மல் என்று அவள் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் முழுதும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கடைசல் பிடித்து வரும் உருப்படிகளைக் கேஜ் என்ற அளவுகருவி வைத்து அளந்து, அளவுக்குள் இருந்தால் பாஸ், தாண்டினால் ரிஜெக்ட் என்று முத்திரை குத்துவேன். அந்தக் கர்வம் வீட்டுக்கும் என்னோடு பஸ் ஏறி வந்தது.

வசந்தா மாறிக்கொண்டே வந்தாள்... சித்திரை வெயிலில் ஊரே விசிறியோடு அலைய, இவள் போர்வை தேடினாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. முகம் உப்பியது, குரல் கரகரத்தது. மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போடுகிறவள், நாலு புள்ளி வைப்பதற்குள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்தேன்? திட்டினேன்! "திங்கறதும் தூங்கறதும் தவிர வேற என்னடி தெரியும் உனக்கு?" என்று கேட்ட வாய் இது.

"என்னமோ பண்ணுதுங்க... சொல்லத் தெரியலை," என்பாள்.

கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. அதற்காகத்தான் தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் வசந்தாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கணுக்காலில் சிறு சுத்தியலால் தட்டினார்.

"கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும். ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பறேன். ரிசல்ட் உங்க வீட்டுக்கே தபால்ல வரும், உடனே எடுத்துட்டு வாங்க," என்றார்.

"ஒண்ணும் இருக்காது பாரு," என்று நான் வழியெல்லாம் முணுமுணுத்தேன்.

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய நாள் தபால் வந்தது. சொர்க்கவாசல் பார்க்க லால்குடியிலிருந்து வந்த உறவுக்கூட்டம் வீடு முழுக்க. வசந்தா அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். நான் உறையைப் பிரித்தேன். டி-4 என்ற ஹார்மோன் கீழ் எல்லைக்கும் கீழே. டி.எஸ்.எச். என்ற இன்னொன்று மேல் எல்லையைப் பல மடங்கு தாண்டி நின்றது.

என் தொழில்புத்தி துள்ளி எழுந்தது. ஒரே உருப்படியில் ஒரு கேஜ் குறைவு என்கிறது, இன்னொரு கேஜ் மிகை என்கிறது. அப்படியானால் கேஜ் கெட்டிருக்கிறது, இல்லையேல் உருப்படி மாறிவிட்டது! டி.எஸ்.எச். என்றால் தைராய்டைத் தூண்டுவது என்று அதிலேயே போட்டிருந்தது. தூண்டுதல் இத்தனை அதிகமானால் இவள் பம்பரமாகச் சுழல வேண்டாமா? வேறு எவளோ ஒருத்தியின் இரத்தம் என்று முடிவு கட்டினேன்.

"என்னங்க வந்திருக்கு?" வசந்தா பின்னால் நின்றாள்.

உறையைச் சட்டைப்பைக்குள் செருகினேன். "எல்லாம் நார்மல், டாக்டர்கிட்ட திரும்பப் போகவே வேண்டாம். நான்தான் அப்பவே சொன்னேனே! உடம்பை வளைச்சு வேலை செஞ்சா சரியாப் போயிடும்."

"அப்ப என் மேலதான் தப்புங்களா..." என்றாள். வெட்கப்பட்டாள், பாவி மகள்! இருபது பேருக்குச் சமைக்கத் திரும்பிப் போனாள்.

உண்மையிலேயே தவறாகப் படித்தேனா? அளவில் சந்தேகம் வந்தால் மறுபடி அள, மேலதிகாரியிடம் காட்டு... என் தொழிலின் முதல் பாடமே அதுதான். ஒரு போல்ட்டுக்குக் கொடுத்த மரியாதையை அவளுக்குக் கொடுக்கவில்லையே, ஏன்? நான் சொன்னதே சரி என்று ஆக வேண்டும். அவ்வளவுதான் காரணம். சொல்லவே நாக்கூசுகிறது.

அதன்பின் வசந்தா தன்னைத்தானே விரட்டி விரட்டி வேலை செய்தாள். ஆடியில் நாள் தள்ளிப்போனது. ஆறு வருடத்துக்குப் பிறகு! தெருவெல்லாம் கல்கண்டு கொடுத்தேன். ஐப்பசியில் கரு கலைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்ததுமே, "தைராய்டு டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றார்.

"எடுத்தோம்ங்க. நார்மல்னு வந்துச்சு," என்றாள் வசந்தா. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மறுபடி எடுத்தார்கள். அதே குறைவு, அதே மிகை! டாக்டரம்மா எனக்கு விளக்கினார்: "சுரப்பி சோர்ந்து போனா, வேலை செய் வேலை செய்னு மூளை அதை விரட்டும். அந்த விரட்டல்தான் டி.எஸ்.எச். அது ஏறியிருந்தா, அங்க வேலையே நடக்கலைன்னு அர்த்தம்."

"குழந்தை போனது... இதனாலயா டாக்டர்?"

"இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

இருக்கலாம்! ஆம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இருக்கலாம் என்றால் மனிதன் என்ன செய்வான், சொல்லுங்கள்? உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை...

தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சில மாதங்களில் வசந்தாவின் குரல் திரும்பியது; முகம் பழைய முகமானது. குழந்தை மட்டும் பிறகு தங்கவே இல்லை.

ஒருநாள் காவிரிப் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பழசையே நினைச்சு மருகாதீங்க. நார்மல்னு எழுதி அனுப்பினா நீங்க என்ன பண்ணுவீங்க? நீங்க திட்டினதுகூடத் தப்பில்லங்க. எல்லாம் அந்த லேப்காரன் பண்ணின பாவம்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்.

"ஆமா," என்றேன். "அவன் பண்ணின பாவம்தான்."