பழுப்புத் தண்ணியும் ஆறு ஜாம் போத்தலும்

தண்ணி சுத்தம் பண்ற தொழில்ல சேறு நல்ல பிள்ளைங்க. தேத்தண்ணி நெறத்துல கரைஞ்சு வர்ற எலைச்சாறுதான் உசுரை எடுக்கும். மழை நாள்ல குழாயைத் தொறந்துட்டு மூஞ்சியைச் சுளிச்சிருக்கீங்களா? அப்ப நீங்களும் என் கட்சி. நான் செல்வி. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல மூணு டிவிஷனுக்குத் தண்ணி விடுற சின்ன சுத்திகரிப்பு நிலையத்துல ஆபரேட்டர். போன மழையில பட்ட பாட்டைக் கேளுங்க.

அக்கா கொண்டு வந்த போத்தல்

நமக்குத் தண்ணி மேல காட்டு ஓடையில இருந்து வருது. மழை ஊத்துனா மக்கிக் கெடக்கிற எலையெல்லாம் ஊறி, அந்தச் சாறு எறங்கி வரும். வெறுமனே வடிகட்டினா போகாது, சீனி மாதிரி கரைஞ்சு கெடக்கும். அந்த வாரம் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணி பழுப்பாவே போச்சு. ஆளுக குடத்தைத் தூக்கிக்கிட்டு பழையபடி பீலிக்குப் போயிட்டாங்க. பீலியில விழுற ஊத்துத் தண்ணி பார்க்கக் கண்ணாடியா இருக்கும். ஆனா மேல் லயத்துக் கக்கூசு ஊறலெல்லாம் அதுலதான் கலக்குது. அதுக்கு முந்தின மழையில அதைக் குடிச்சுத்தான் எங்க தனம் அக்கா மக, ஆறு வயசுப் பிள்ளை, வயித்தோட்டத்துல ஆஸ்பத்திரியில கெடந்தா. ஊசி குத்த நரம்பு கெடைக்காம நர்ஸ் அம்மாவே கலங்கிட்டாங்க.

அந்த அக்காவே இப்ப பீலியில குடத்தோட நிக்கிறா! எனக்கு வந்துச்சே கோவம். "பிள்ளையைக் கொல்லப் போறியா?"ன்னு கத்திட்டேன். அவ அசரல. மறுநாள் பறிச்ச கொழுந்தை நிறுத்துக் குடுத்துட்டு நேரா நிலையத்துக்கு ஏறி வந்தா. ஒரு போத்தல் குழாய்த் தண்ணியை என் மேசையில வெச்சுட்டுச் சொன்னா: "தேயிலையை நீங்களே போட்டு அனுப்புறீங்க, அப்படியே சீனியையும் போட்டு விட்டீங்கன்னா எங்களுக்கு வேலை மிச்சம் தங்கச்சி."

கூட்டிப் போட்ட புத்தி

ரோசம் வந்திருச்சு. அலம்னு ஒண்ணு இருக்கு. அதாங்க, சவரம் பண்ணிட்டு மூஞ்சியில தேய்ப்பாங்களே படிகாரம், அந்தச் சாதி. அதைத் தண்ணியில கலக்கினா கரைஞ்ச சாறும் பஞ்சு பஞ்சாத் திரண்டு அடியில உக்காரும். கொஞ்சம் போட்டு நெறம் போகல, அப்ப நெறையப் போட்டா போயிரும்னு ரெண்டு மடங்கா விட்டேன். பஞ்சாவது, பருத்தியாவது! பழுப்பு அப்படியே நிக்குது, நாக்குல வெச்சா புளிக்குது.

நம்ம மலைத் தண்ணி பரம சாது. அலம் கூடினா உடனே புளிச்சிரும், ரொம்பப் புளிச்சா எதுவும் திரளாது. பரீட்சையில எழுதிப் பாசான விஷயம், ஆத்திரத்துல மறந்து தொலைச்சேன். அந்தத் தொட்டித் தண்ணி முழுக்க வெளியே தொறந்து விட வேண்டியதாப் போச்சு. அன்னைக்குக் குழாயில சொட்டுத் தண்ணி இல்ல, பீலியில ரெண்டு வரிசை. கூட வேலை செய்ற நிமல், நல்ல பையன், வாய்தான் சும்மா இருக்காது. காலித் தொட்டியை எட்டிப் பார்த்துட்டுக் கேட்டான்: "அக்கா, உப்புக் கூடின கறிக்கு இன்னும் உப்பா போடுறது?"

சாரோட சுருக்கு வழி

மறுநாள் டவுன்ல இருந்து எங்க பொறுப்பாளர் சார் வந்தாரு. "குளோரினைக் கூட்டிவிடு, நெறம் தன்னால வெளுத்துரும்"னாரு. எலைச்சாறு இருக்கிற தண்ணியில குளோரினைக் கொட்டினா நாத்தம் மட்டுமில்ல, வேண்டாத ரசாயனமும் உண்டாகும். வெள்ளையா இருக்கேன்னு நம்பி எங்க அக்கா மகளும்தானே குடிப்பா? "முதல்ல சாறை எடுக்கணும் சார், குளோரின் அப்புறம்தான்"னு நின்னேன். அலம் அளவு பார்க்கிற கலக்கி மெஷின் வேற பழுது, கொழும்புக்குப் போயிருந்துச்சு. "எதை வெச்சுப் பார்ப்ப?"ன்னாரு. அலுமாரியில இருந்து ஆறு ஜாம் போத்தலை எடுத்து வெச்சேன். மனுசன் சிரிக்கல. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாரு செல்வி, அப்புறம் நான் சொல்றதைத்தான் செய்யணும்."

நாலாவது போத்தல்

ஆறு போத்தல்லயும் ஓடைத் தண்ணி, ஒவ்வொண்ணுலயும் அலம் வேற வேற அளவு, கூடவே புளிப்பு அடங்க ஒரு சிட்டிகை சுண்ணாம்பு. முதல்ல வேகமாக் கலக்கணும், பிறகு தொட்டில் ஆட்டுற மாதிரி மெதுவா. நிமல் நேரம் பார்க்க, நான் ஒவ்வொண்ணாக் கலக்கினேன். தோள்பட்டை கழண்டு போச்சு. நாலு தடவை ஒண்ணும் தேறல. அஞ்சாந் தடவை, நாலாவது போத்தல்ல பஞ்சு பஞ்சா எறங்கிச்சு பாருங்க, மேல நின்ன தண்ணி வழியா என் வெரல் ரேகை தெரிஞ்சுது. கத்திட்டேன். அதே அளவைத் தொட்டிக்கு விட்டோம். மறுநாள் சாயங்காலம் சார் வந்து ஒரு கிளாஸ் பிடிச்சு, ஜன்னல் வெளிச்சத்துல பார்த்து, ஒரு வாய் குடிச்சு, "இப்படியே விடு"ன்னாரு.

ஆனா நம்ம ஊரு நாக்கு லேசுப்பட்டதா? லேப் சீட்டைக் காட்டினா நம்ப மாட்டாங்க, பால் சேர்க்காம பிளேன்டீ ஊத்திப் பார்த்துத்தான் தீர்ப்பு. கடைசியில குழாய் அரிக்காம இருக்கச் சேர்க்கிற சுண்ணாம்பு ஒரு பொட்டு கூடிருச்சு, அவ்வளவுதான், அது கூடினா டீ கறுத்துரும். கீழ் லயத்துத் தலைவர் பிளாஸ்க்கோட வந்துட்டாரு. "தண்ணி வெள்ளை, டீ மை மாதிரி, இதுல கடுதாசிதான் எழுதலாம் பிள்ள."

பெரட்டுக்கு முந்தி

சுண்ணாம்பைக் குறைச்சேன், ரெண்டு நாள் அளந்து அளந்து விட்டேன். மூணாம் நாள் காலையில, ஆளுக பெரட்டுக்கு, அதாங்க பேர் குடுத்து வேலை பிரிக்கிற எடத்துக்கு, கெளம்புறதுக்கு முந்தி அக்கா வீட்டுக்கு எறங்கிப் போனேன். அவ குழாய்த் தண்ணியைக் கொதிக்க வெச்சு, தேயிலை போட்டு, ஆத்தி, வாசல் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா. செக்கச் செவேல்னு இருந்துச்சு. ஒரு மடக்குக் குடிச்சா. கேத்தல்ல மிச்சம் இருந்த வெந்நீரை ஆற வெச்சு, பிள்ளையோட ஸ்கூல் போத்தல்ல ஊத்தி, மூடியை இறுக்கி மக கையில குடுத்தா. எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. அக்கா கூரையைப் பார்த்துக் கும்பிட்டுட்டுத் திரும்பினா: "மாரியாத்தா கண்ணைத் தொறந்துட்டாடி செல்வி!"

நல்ல தண்ணி வந்தா ஆத்தா குடுத்தது, பழுப்பா வந்தா செல்வி விட்டது, இதுதாங்க நம்ம உத்தியோகம்.