வத்தல் காய்ந்த தகடு

மே மாத வெயிலில் கிடக்கும் அலுமினியத் தகட்டில் உள்ளங்கையை வைத்தால் ‘சுர்’ரென்று இழுக்கும். அறுபதுகளின் கடைசியில், தாராவியில் நாங்கள் ஐந்து பேர் குடியிருந்த ‘கோலி’ என்னும் ஒற்றை அறைக்கு எதிரே, அப்பா வேலை பார்த்த பட்டறை முற்றத்தில் அப்படிச் சில தகடுகள் கிடந்தன. மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ, ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோளோடு பேசுவதற்கு ராட்சதக் கிண்ணம் ஒன்று நிறுத்தப் போகிறார்களாம். அதற்காக அப்பா வளைத்து அடித்த துண்டுகள் அவை. “வளைவு ஒரு நூல் பிசகினாலும் அங்கேருந்து பேசுறது இங்க கேக்காதாம். ஒருத்தரும் கிட்ட போகப்பிடாது” என்று அவர் எங்களிடம் சொல்லியிருந்தார். நான் கேட்டால்தானே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை, அப்பா சயானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அம்மா கூழ் கிண்டி வைத்து, “ஏட்டி, கட்டில்ல வேட்டிய விரிச்சு வத்தல் பிழி” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனவள், வரிசையில் நின்று இருட்டிய பிறகுதான் திரும்பினாள். கட்டிலில் காய இரண்டு நாள் ஆகும், தகட்டில் ஒரு பகல் போதும் என்று என் எட்டு வயது மூளை கணக்குப் போட்டது. தகட்டின் மேல் வேட்டியை விரித்து, நடுவில் முட்டி போட்டு, அச்சில் கூழை அடைத்துப் பிழிந்து தள்ளினேன். சாயங்காலம் வேட்டியைச் சுருட்டினால், ஐயையோ, தகட்டில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது, என் முட்டி இருந்த இரண்டு இடமும் குழிந்திருக்கிறது! பாவாடையால் தேய்த்துப் பார்த்தேன், கறை போகவில்லை. வத்தலை அள்ளிக் கொண்டுபோய்க் கட்டிலில் கொட்டினேன். அப்பாவுக்கு வேலை போனால் நாங்கள் எங்கே போவோம்?

மறுநாள் மாதுங்காவிலிருந்து இன்ஜினியர் வந்தார், நம் ஆள்தான். சரியான வளைவில் செதுக்கிய மரச்சட்டத்தைத் தகட்டில் வைத்துப் பார்த்தவர், இரண்டுக்கும் இடுக்கில் வெளிச்சம் தெரிந்ததும் குனிந்து மோந்தார். “கஞ்சி வாசனை வரதே! யாருய்யா இது?”

நான் எங்கள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கறையைத் தொட்டுப் பார்த்தார், எங்கள் வாசல் கட்டிலில் கிடந்த வத்தலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நான்தான் சார். கஞ்சி குடிச்சிட்டு அதுலயே உக்காந்துட்டேன்” என்றார் அப்பா.

பட்டறை முதலாளி சேட் அன்றைக்கே அப்பாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். வாங்கப்போகும் அடியை எண்ணிக் காத்திருந்தேன். அப்பாவோ கைகால் கழுவிவிட்டு வந்து, விவரம் தெரியாத அம்மா பொரித்து வைத்த அந்த வத்தலையே நொறுக்கிச் சாப்பிட்டார். பிறகு மான்குர்தில் வாளி அடிக்கும் பட்டறையில்தான் அவர் காலம் போயிற்று.

முற்றம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. தகடு அடிக்கும் சத்தம் அந்தச் சந்திலேயே இல்லை, அப்பாவும் இல்லை. அன்றைக்கு இரண்டு சாத்து சாத்தியிருந்தால் என் பயம் அத்தோடு தீர்ந்திருக்கும். பாவி மனுஷன், கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.