மலை ஏரிக்குப் போகாத நாள்

சுவிஸின் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் என் கணவருக்கு வேலை. கோடை முழுக்க, மலையேற வந்தவர்களுக்கு விடியவே முட்டை பொரித்துக் கொடுப்பார். அவர்கள் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு புறப்படுவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பார். இவருக்கு லீவு கிடைப்பது ஹோட்டல் மூடும் நவம்பரில்தான். அப்போது எங்கள் மலைப்பாதைகளில் பனி விழுந்துவிடும். தன் காலால் நடந்துபோய் ஒரு மலை ஏரியைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நவம்பரிலும் நடக்கக்கூடிய மலையைத் தேடித் தேடி, கடைசியில் பெரு நாட்டின் குஸ்கோ நகரத்தைக் கண்டுபிடித்தார். பிள்ளைகள் படித்து முடித்து வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு நவம்பரில் இருவருமாகக் கிளம்பினோம்.

மலை எங்களுக்குப் புதிதல்ல என்ற தலைக்கனம் வேறு. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற சொந்தக்காரர் அத்தனை பேரையும் யுங்ஃப்ரா மலைக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய், பனியில் நிறுத்திப் படம் எடுத்தவர்கள் நாங்கள். குஸ்கோவும் ஏறக்குறைய அதே உயரம்தான். தங்கிய வீட்டுக்கார அம்மா கொக்கா இலைத் தேநீர் தந்து, உயரம் உடம்புக்குப் பழகும்வரை படுத்து இளைப்பாறச் சொன்னார். சுவிஸ்காரருக்கு மலை படிப்பிக்கிறாராம் என்று இவர் சிரித்தார். யுங்ஃப்ராவில் ஒரு தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் இறங்கிவிடுகிறவர்கள் நாங்கள் என்பது இருவருக்கும் நினைவு வரவில்லை.

அன்றே ஊர் சுற்றினோம். மூச்சு வாங்க வைக்கும் ஒடுங்கிய கல் ஒழுங்கைகள், சாந்தே இல்லாமல் ஊசிகூட நுழையாதபடி பொருத்திய பழைய கற்சுவர்கள். சந்தையில் கறுப்பும் ஊதாவுமாக உருளைக்கிழங்கு குவிந்து கிடக்க, இவர் சமையல்காரர் அல்லவா, ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்தார். எனக்கும் அந்த ஊரை நன்றாகவே பிடித்துப்போனது. பின்னேரம் பெட்டிக்குள் இருந்த ரைஸ் குக்கரை எடுத்துச் சோறு போட்டேன். அந்த உயரத்தில் தண்ணீர் கொதித்ததே தவிர அரிசி வேகவில்லை. நறுக் நறுக்கென்று கடித்துச் சாப்பிட்டோம்.

எனக்குத் தலை இடிக்கத் தொடங்கியிருந்தது. அவருடைய ஆசையை ஒரு தலையிடியால் கெடுக்க மனம் வரவில்லை. ஒரு குளிசையை விழுங்கிவிட்டு, அவரிடம் சொல்லாமல் படுத்தேன்.

அடுத்த நாள் மலைப்பாதையில் ஏறினோம். எங்களோடு இன்னும் சிலர் வந்தார்கள். வழிகாட்டியாக ஓர் இளம் பெண்ணும் அவளுக்குத் துணையாக இன்னொருவரும். ஏரிக்கு முந்திய கடைசி மேடு கண்ணெதிரே தெரிந்தபோது நான் பாதையோரம் குனிந்தேன். சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வந்தது. வழிகாட்டிப் பெண் என் முகத்தைப் பார்த்ததுமே, உடனே கீழே இறங்க வேண்டும் என்றாள். தானே என்னைக் கூட்டிக்கொண்டு இறங்குவதாகவும், இவர் மற்றவர்களோடு மேலே போகலாம் என்றும் சொன்னாள்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றேன். "இவ்வளவு தூரம் வந்தது இதுக்குத்தானே."

அவர் அந்த மேட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பையைக் கழற்றித் தன் தோளில் போட்டார்.

"ஏரி அங்கைதான் கிடக்கும். நீர் வாரும், எனக்கு நீர் போதும்."

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் இப்படியெல்லாம் பேசுகிற ஆளே இல்லை. நான் கொடுத்துவைத்தவள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. இறங்க இறங்கத் தலையிடி குறைந்தது. அழுகைதான் குறையவில்லை. நோவில் அழுகிறேன் என்று நினைத்து அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நானும் திருத்தவில்லை.