திருப்பிப் போட்ட அட்டை

உடையார்பாளையத்து முந்திரிக் கொட்டகைக்குள் நுழையும்முன் சோபியா கழுத்தில் தொங்கும் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். எழுத்து நெஞ்சுப் பக்கம் போய்விடுகிறது. 'குழந்தைகள் மனநல ஆலோசகர்' என்று அதில் இருக்கிறது. முன்பு வேறொரு ஊர்க் கொட்டகைக்கு அது தெரியும்படி போனபோது, முந்திரி உடைக்கும் பெண்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டார்கள். "எம்புள்ள என்ன லூசா?" என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். அதனால் இங்கே அவர் 'வெளையாட்டு டீச்சர்'.

சோபியா வரதராசன்பேட்டைக்காரர். அவர் வேலை பார்க்கும் மையம் பெரம்பலூரில் இருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் யார் வருவார்கள்? அதனால் வாராவாரம் இவரே ஸ்கூட்டரில் வந்து, சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். பிள்ளைகளிடம் கேள்வியே கேட்பதில்லை. கேட்பதெல்லாம் அவர்கள் கையிலிருக்கும் சாமான்களிடம்தான். "ஏம்ப்பா புளியங்கொட்டை, நீ மட்டும் ஏன் தனியா கெடக்குற?" கேட்டுவிட்டு, அது பதில் சொல்லப்போகிறது என்பதுபோல் குனிந்து காத்திருப்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு தாங்காது.

இங்கே முந்திரி உடைக்கும் கவிதாவின் மகள் பூவிழிக்கு நாலு வயது. சிமெண்டு லாரி இடித்து அப்பா வண்டியோடு விழுந்ததைப் பார்த்த அன்றைக்கு நின்றது பேச்சு. அப்பா தேறி வேலைக்கே போய்விட்டார், இவள் தேறவில்லை. மந்திரித்துக் கட்டிய கயிறு கையில் கறுத்துக் கிடக்கிறது. கவிதாவுக்கு மட்டும் டீச்சர் யாரென்று தெரியும். "வெளிய தெரிஞ்சா எம்பொண்ணுக்குப் பைத்தியம்னு பேர் கட்டிடுவாங்க. அப்பறம் நான் அனுப்பமாட்டேன்" என்று முதலிலேயே காதில் போட்டுவைத்திருந்தாள்.

முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதற்காகப் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். பிள்ளைகள் நாள் முழுக்கக் கேட்பது "கிட்ட வராத" என்பதைத்தான். சோபியாவுக்கு அது உறுத்தியது. அம்மாவும் பிள்ளையும் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நெற்றியோடு நெற்றி முட்டும் விளையாட்டு ஒன்றைக் கிளப்பிவிட்டார். இப்போது கொட்டகை முழுக்க ஒரே முட்டல்தான்.

போன வாரம் பூவிழி, வரிசையாக அடுக்கிய புளியங்கொட்டைகளில் ஒன்றைச் சுண்டிவிட்டாள்.

"ஏம்ப்பா, ஏன் விழுந்துட்ட?" சோபியா கொட்டையின் பக்கம் குனிந்தார்.

"லாரி இடிச்சிருச்சு" என்றாள் பூவிழி.

கவிதா ஓடிவந்து, கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டே மகளின் நெற்றியில் முட்டி அழுதாள்.

பக்கத்திலிருந்த மலர்கொடி முந்திரி உடைக்கும் கட்டையைக் கீழே வைத்தாள். "எம்மவன் தூக்கத்துல அலறி அலறி எந்திரிக்கிறான். நெசமாச் சொல்லுங்க டீச்சர், நீங்க யாரு?"

சோபியா கவிதாவைப் பார்த்தார்.

கவிதா எழுந்து வந்தாள். சாம்பல் கையாலேயே அந்த அட்டையைப் பிடித்து, எழுத்து எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிவிட்டாள்.